தோற்ற அணி ஏன் மகிழ்ந்தது? ஸ்பெயின் பெண்கள் கூடைப்பந்து லீக்கின் சீசனைப் படிக்கும் முறை

ஸ்பெயின் பெண்கள் லீக்கைப் புதிதாகப் பார்க்கத் தொடங்கியிருக்கிறீர்கள். 7 பாயிண்ட்டில் தோற்ற அணி ஆட்டம் முடிந்ததும் கட்டிப்பிடித்துக்கொண்டு மகிழ்ந்தது ஏன் என்று கேட்டிருக்கிறீர்கள். அட்டவணையில் மொத்த பாயிண்ட் வித்தியாசம் குறைந்த அணி மேலே இருப்பது எப்படி, முதலிடத்தில் முடித்த அணி சாம்பியன் ஆகாமல் போவது ஏன், 2019-20-க்கு நேரே சாம்பியன் பெயரே இல்லையே, இது ஒழுங்கான தொழில்முறை லீக்தானா என்ற சந்தேகங்களும் கூடவே இருக்கின்றன. கேள்விகள் பல என்றாலும் அடிப்படையில் நீங்கள் கேட்பது ஒன்றைத்தான்: ஒரு சீசனின் அட்டவணையை எப்படிப் படிப்பது, அது சொல்வதை எவ்வளவு தூரம் நம்பலாம்? அந்தக் கோணத்திலேயே பதில் சொல்கிறேன். குழப்பம் வராமலிருக்க ஓர் ஏற்பாடு: அட்டவணையில் சேர்வதைப் ‘புள்ளி’ என்றும், ஆடுகளத்தில் கூடையில் போட்டு எடுப்பதைப் ‘பாயிண்ட்’ என்றும் எழுதுகிறேன்.

தொழில்முறை லீக்கா என்பதை முதலில் முடித்துவிடலாம். ஆடுபவர்கள் சம்பளம் வாங்கும் தொழில்முறை வீராங்கனைகள்தான். ஆனால் ஸ்பெயின் விளையாட்டுச் சட்டத்தில் ‘தொழில்முறை லீக்’ என்பது அரசு தரும் ஒரு தகுதி. ஆண்கள் கூடைப்பந்தின் முதல் பிரிவு லீக்கான ஏ.சி.பி.க்கு அது உண்டு. பெண்கள் கால்பந்துக்கு 2021-இல் கிடைத்து, 2022-23-இலிருந்து அந்தத் தகுதியோடு ஆட்டங்கள் நடக்கின்றன. பெண்கள் கூடைப்பந்துக்கு அது இல்லை; அதன் முதல் பிரிவான லிகா ஃபெமெனினாவை ஸ்பெயின் கூடைப்பந்துக் கூட்டமைப்பே நேரடியாக நடத்துகிறது. மின்சார நிறுவனம் ஒன்று பெயர் ஆதரவாளராக இருப்பதால் ‘லிகா ஃபெமெனினா எந்தேசா’ என்று அழைக்கிறார்கள். ஏ.சி.பி. கிளப்புகளின் சங்கம் நடத்துவது, இது கூட்டமைப்பு நடத்துவது என்ற வேறுபாடு வெறும் நிர்வாகச் செய்தி அல்ல. ஆட்ட முறை, அணிகளின் எண்ணிக்கை, பிளே-ஆஃப் எனப்படும் இறுதிக்கட்டத் தொடரின் நீளம் எல்லாம் ஒவ்வொரு கோடையிலும் கூட்டமைப்பு வெளியிடும் போட்டி விதிகளில் முடிவாகின்றன. அதனால் ஒரு சீசனின் முறையை இன்னொரு சீசனுக்கு அப்படியே பொருத்தக் கூடாது.

இப்போதைய அமைப்பு 2020-21-இலிருந்து வருவது: 16 அணிகள், ஒவ்வொன்றும் மற்ற 15 அணிகளோடு சொந்த ஊரில் ஒன்று, வெளியூரில் ஒன்று, ஆக 30 சுற்று. வென்றால் 2 புள்ளி, தோற்றால் 1 புள்ளி. ஆட்டத்துக்கே வராமல் விட்டுக்கொடுத்தால் 20-0 என்று பதிவாகி, விட்டுக்கொடுத்த அணிக்குப் புள்ளி கிடையாது. உலகக் கூடைப்பந்துக் கூட்டமைப்பான ஃபீபாவின் உலகளாவிய முறை இது. ஆகவே 30 ஆட்டம் முடிந்த அணியின் புள்ளியிலிருந்து 30-ஐக் கழித்தால் வெற்றிகளின் எண்ணிக்கை வந்துவிடும்: 49 புள்ளி என்றால் 19 வெற்றி, 11 தோல்வி. டிரா கிடையாது; சமமானால் 5 நிமிடக் கூடுதல் நேரம், முடிவு வரும்வரை.

பழைய சீசனின் அட்டவணையை எங்கிருந்தாவது எடுத்தால், அதை நம்புவதற்கு முன் மூன்று கணக்குகளைப் போட்டுப் பாருங்கள். எல்லா அணிகளின் வெற்றிகளையும் கூட்டினால் எல்லாத் தோல்விகளின் கூட்டுத்தொகைக்குச் சமமாக வர வேண்டும். போட்ட பாயிண்ட்டுகளின் மொத்தமும் விட்ட பாயிண்ட்டுகளின் மொத்தமும் ஒன்றாக இருக்க வேண்டும். ஒரு சுற்றில் 8 ஆட்டம், ஆட்டத்துக்கு 3 புள்ளி, ஆக 24. அதனால் 30 சுற்று முடிவில் எல்லா அணிகளின் புள்ளிகளும் சேர்ந்து 720. ஒன்று இரண்டு குறைந்தால் எங்கோ விட்டுக்கொடுத்த ஆட்டமோ தண்டனையோ இருக்கிறது, இல்லையென்றால் யாரோ தட்டச்சில் தவறிவிட்டார்கள். 2020-க்கு முந்தைய 14 அணி சீசன்களுக்கு 26 சுற்று, 182 ஆட்டம், 546 புள்ளி. ஸ்பானிய அட்டவணையில் ஒரு பொறியும் உண்டு: பி.எஃப். என்ற தலைப்பை ஃபவுல் என்று படித்துவிடுகிறார்கள். அது அந்த அணி போட்ட பாயிண்ட். பக்கத்தில் இருக்கும் பி.சி. விட்ட பாயிண்ட்.

இனி அந்தக் கட்டிப்பிடித்தல். இரண்டு அணிகள் ஒரே புள்ளியில் முடித்தால் முதலில் பார்ப்பது மொத்த வித்தியாசத்தை அல்ல, அவை தமக்குள் ஆடிய ஆட்டங்களை. சீசனில் இரண்டே சந்திப்பு என்பதால் பெரும்பாலும் ஆளுக்கு ஒன்று வென்றிருப்பார்கள். அப்போது அந்த இரண்டு ஆட்டங்களின் பாயிண்ட் வித்தியாசம்தான் தீர்ப்பு. ஓர் எடுத்துக்காட்டு: அ, ஆ இரண்டும் 49 புள்ளி. அ தன் ஊரில் 72-64 என்று வென்றது. ஆ தன் ஊரில் 70-65 என்று வென்றது. அ அணிக்கு 8 கூட்டல், 5 கழித்தல், மிச்சம் +3. சீசன் முழுவதற்கும் ஆ +180, அ +95 என்று இருந்தாலும் மேலே வருவது அ-தான். ஸ்பெயினில் இதை ‘ஆவரேஜ்’ என்றே சொல்வார்கள். பெயர் சராசரி என்று இருந்தாலும் கணக்கு சராசரி அல்ல, வெறும் கழித்தல். நீங்கள் பார்த்த அணி முதல் சந்திப்பில் 7-க்கு மேற்பட்ட வித்தியாசத்தில் வென்றிருந்தால், அன்றைக்கு 7-இல் தோற்றது ஆவரேஜைக் காப்பாற்றிக்கொண்ட தோல்வி. அந்த மகிழ்ச்சிக்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

இதைத் தெரிந்துகொண்டால் கடைசி ஒரு நிமிடம் வேறு ஆட்டமாகத் தெரியும். முதல் சந்திப்பை 12-இல் வென்ற அணி இன்று 10 பாயிண்ட் பின்தங்கி, 20 நொடி மிச்சம் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். வழக்கமாகப் பின்தங்கிய அணி ஃபவுல் செய்து கடிகாரத்தை நிறுத்தும். இங்கே அது செய்யாது. பந்து கையில் இருந்தால், ஒரு தாக்குதலுக்குத் தரப்படும் 24 நொடிக் கடிகாரத்தை ஓடவிட்டு நிற்கும். மாறாக, 10 முன்னிலையில் இருக்கும் அணிதான் டைம்-அவுட் கேட்டு, மூன்று பாயிண்ட் ஷாட்டுக்குத் திட்டம் வரையும். இதைப் பார்த்துப் புதியவர்கள் ‘தோற்கிறவர்களை அவமானப்படுத்துகிறார்கள்’ என்று நினைப்பதுண்டு. அப்படி இல்லை. அந்த ஒரு கூடை ஏப்ரலில் ஐந்தாவது இடத்துக்கும் எட்டாவது இடத்துக்கும் உள்ள வேறுபாடாகலாம். 2 பாயிண்ட் முன்னிலையில் இருக்கும் அணிக்கு 6 வித்தியாசம் தேவை என்றால், வேண்டுமென்றே தன் கூடையிலேயே போட்டு ஆட்டத்தைக் கூடுதல் நேரத்துக்கு இழுக்கலாமே என்று தோன்றும். விதி அதை அடைத்துவிட்டது: வேண்டுமென்று சொந்தக் கூடையில் போட்டால் அது விதிமீறல், பாயிண்ட் சேராது. தவறிப்போய் விழுந்தால் மட்டும் 2 பாயிண்ட், எதிரணியில் அப்போது களத்தில் இருக்கும் கேப்டன் கணக்கில்.

மூன்று அணிகள் சமமானால்தான் பெரும்பாலோர் தடுக்கி விழுகிறார்கள். இரண்டிரண்டாக ஒப்பிடக் கூடாது. மூன்றும் தமக்குள் ஆடிய ஆறு ஆட்டங்களை மட்டும் எடுத்துச் சிறிய அட்டவணை ஒன்று போட வேண்டும். அ ஆ-வை இரண்டு முறையும், ஆ இ-யை இரண்டு முறையும், இ அ-வை இரண்டு முறையும் வென்றிருந்தால் மூன்றுக்கும் 2 வெற்றி, 2 தோல்வி. அடுத்துப் பார்ப்பது அந்த ஆறு ஆட்டங்களின் வித்தியாசம். அ +9, ஆ -4, இ -5 என்று வந்தால் வரிசை அதுவே. மூன்று எண்களையும் கூட்டினால் சுழியம் வர வேண்டும். வரவில்லையென்றால் ஏதோ ஓர் ஆட்டத்தைத் தலைகீழாக எழுதியிருக்கிறீர்கள். அதிலும் சமம் என்றால் அந்த ஆட்டங்களில் போட்ட பாயிண்ட், அதன் பிறகுதான் சீசன் முழுவதன் வித்தியாசம், கடைசியாக சீசன் முழுவதும் போட்ட பாயிண்ட். நடுவில் ஓர் அணி பிரிந்து இரண்டு மட்டும் சமமாக மிஞ்சினால், அந்த இரண்டுக்கும் தனியாக முதல் படியிலிருந்து தொடங்க வேண்டும். இந்தக் கடைசி வாக்கியத்தை மறப்பதால்தான் மார்ச் மாதத்தில் ரசிகர்கள் போடும் கணக்குகளில் பாதி தப்பாகின்றன.

முதலிடமும் சாம்பியன் பட்டமும் வேறு வேறு என்பதற்கு வருகிறேன். 30 சுற்று முடிந்ததும் முதல் 8 அணிகள் பிளே-ஆஃப் செல்கின்றன. சாம்பியனை முடிவு செய்வது அதுதான். முதலிடத்துக்குக் கிடைப்பது எட்டாம் அணியோடு தொடங்கும் பாதையும், தொடர் முழுக்கச் சொந்த அரங்கச் சலுகையும். கடைசி இடங்களில் முடித்தவை இரண்டாம் பிரிவான எல்.எஃப். சாலஞ்சுக்கு இறங்குகின்றன, அந்தப் பிரிவு 2021-22-இல் உருவாக்கப்பட்டது. ஆக அட்டவணையின் எட்டாவது வரிக்குக் கீழும், இறங்கும் இடங்களுக்கு மேலும் இரண்டு கோடு போட்டு வைத்துக்கொண்டால் சீசனின் உண்மையான போட்டிகள் எங்கே நடக்கின்றன என்று தெரியும். நடுவில் பாதுகாப்பாக இருக்கும் அணியின் ஏப்ரல் ஆட்டங்களைக் கொண்டு அதன் பலத்தை மதிப்பிட வேண்டாம். அப்போது பயிற்சியாளர்கள் இளம் வீராங்கனைகளுக்கு நிமிடங்கள் கொடுப்பார்கள், காயம் பட்டவர்களை அவசரப்படுத்த மாட்டார்கள்.

கோபா தே லா ரெய்னா, அதாவது அரசி கோப்பை, முற்றிலும் தனி. லீக்கின் முதல் பாதி முடிவில் முன்னணியில் இருப்பவை தகுதி பெற்று, ஒரே ஊரில் சில நாட்களில் தோற்றால் வெளியே என்ற முறையில் ஆடி முடித்துவிடும். ஆகவே 15-ஆம் சுற்றுக்கு முந்தைய வாரங்களில் ஆட்டத்தின் சூடு திடீரென்று ஏறுவதைப் பார்ப்பீர்கள். மூன்று நான்கு நாட்களில் முடியும் போட்டியில் ஓர் அணியின் ஷூட்டிங் கை கொடுத்தால் வரிசை தலைகீழாகும். 2023-இல் கசதெமோன் சரகோசா தன் ஊரில், பிரின்சிப்பே ஃபெலிப்பே அரங்கில், 10,000-க்கும் மேற்பட்டோர் முன்னால் பெர்ஃபுமெரியாஸ் அவெனிதாவை வென்று கோப்பையை எடுத்தது. அந்த சீசனின் லீக் பட்டமோ வலென்சியா பாஸ்கெட்டுக்கு, அதுவும் அந்தக் கிளப்பின் முதல் லீக் பட்டம். அடுத்த 2023-24-இல் வலென்சியா லீக், கோப்பை இரண்டையும் சேர்த்தே வென்றது. 2024-25-இல் லீக்கை மறுபடியும். அதற்கு முன் பல ஆண்டுகள் சலமான்காவின் அவெனிதாவும் ஜிரோனாவும்தான் மாறி மாறி வந்தன: 2016, 2017, 2018-இல் அவெனிதா, 2015, 2019-இல் ஜிரோனா, 2021, 2022-இல் மறுபடி அவெனிதா.

அந்த வரிசையில் 2020 விட்டுப்போனது அச்சுப் பிழை அல்ல. 2020 மார்ச்சில் கொரோனா காரணமாக லீக் நின்றது. பிறகு கூட்டமைப்பு சீசனை அத்தோடு முடித்து, சாம்பியன் இல்லை, யாரும் கீழே இறங்கவும் வேண்டாம் என்று அறிவித்தது. யாரையும் இறக்காமல் கீழிருந்து அணிகளை ஏற்றியதால்தான் 14 என்பது 16 ஆனது. நின்றபோது மேலே இருந்த அணியை ‘2020 சாம்பியன்’ என்று யாராவது எழுதினால் திருத்துங்கள். அரசி கோப்பை மட்டும் அந்த மார்ச் தொடக்கத்திலேயே சலமான்காவில் நடந்து முடிந்திருந்தது, அவெனிதா வென்றது. ஆகவே 2019-20-க்குக் கோப்பை உண்டு, லீக் இல்லை.

பழைய அட்டவணைகளில் இன்னொரு சிக்கல் பெயர்கள். அணியின் பெயரோடு ஆதரவாளர் பெயர் ஒட்டிக்கொண்டு வரும், ஒப்பந்தம் மாறினால் பெயரும் மாறும். பெர்ஃபுமெரியாஸ் அவெனிதா என்பது வாசனைப் பொருள் கடைகளின் பெயர். ‘ஸ்பார் சிட்டிலிஃப்ட் ஜிரோனா’, ‘ஸ்பார் ஜிரோனா’ இரண்டும் ஊனி ஜிரோனா என்ற ஒரே கிளப். காதி லா செயு என்பதில் காதி பிரனீஸ் மலையடிவாரத்துப் பால் கூட்டுறவு, லா செயு தூர்ஜெல் அதன் சிற்றூர். சான் செபாஸ்தியான் அணியின் பெயரில் பாஸ்க் நாட்டு ரயில்வேயே இருக்கிறது. ஊர்ப் பெயரைப் பிடித்துக்கொண்டு போவதே பாதுகாப்பான வழி. ஆனால் அதுவும் எப்போதும் போதாது. வலென்சியாவில் ரோஸ் கசாரெஸ் என்று ஓர் அணி இருந்தது. 2012-இல் லீக்கையும், இஸ்தான்புலில் நடந்த யூரோலீக் பெண்கள் கோப்பையையும் வென்றது. அந்த இறுதியில் எதிரே நின்றதும் மாட்ரிட் பக்கத்து ரிவாஸ் என்ற இன்னொரு ஸ்பானிய அணி. ஐரோப்பாவின் சாம்பியனாகி சில மாதங்களுக்குள், பணம் போட்டவர்கள் விலகியதால், அந்த அணி உயர்மட்ட ஆட்டத்திலிருந்தே வெளியேறியது. இன்றைய வலென்சியா பாஸ்கெட் வேறு கிளப். அதன் பெண்கள் அணி கீழ்ப் பிரிவில் ஆடி 2018-இல்தான் முதல் பிரிவுக்கு ஏறியது. ‘வலென்சியா’ என்று இரண்டையும் ஒரே பட்டியலில் சேர்ப்பது தவறு. பணத்தால் இடம் காலியாவது இந்த லீக்கில் அபூர்வம் இல்லை என்பதால், அட்டவணையில் இறங்கிய அணி அடுத்த சீசனில் அதே பிரிவில் நிற்பதையும் காண்பீர்கள். யார் இறங்கினார்கள் என்பதற்கு அடுத்த சீசனின் அணிப் பட்டியலையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

இதுவரை சொன்னது கணக்கு. அதில் ஐயத்துக்கு இடமில்லை. ‘எந்த அணி உண்மையில் வலிமையானது’ என்ற கேள்விக்கு வந்தால் அட்டவணை அவ்வளவு உறுதியான சாட்சி அல்ல. முக்கியக் காரணம் நாட்காட்டி. அமெரிக்காவின் டபிள்யூ.என்.பி.ஏ. சீசன் இலையுதிர் காலம் வரை நீள்வதால், அங்கே ஆடுபவர்கள் ஸ்பெயினில் முதல் சில சுற்றுகளுக்கு வராமல் போகலாம். மறுமுனையில், 2023-இலிருந்து அமலாகும் விதிப்படி அங்கே சில ஆண்டு அனுபவம் உள்ளவர்கள் தாமதமாகத் திரும்பினால் அபராதம், அந்த சீசனே ஆட முடியாத நிலைவரை போகும். அதனால் ஐரோப்பிய லீக்குகளுக்கு வசந்த காலத்தில் நெருக்கடி. நவம்பரிலும் பிப்ரவரியிலும் தேசிய அணிகளின் தகுதிச் சுற்றுக்காக லீக் நிற்கும். நடுவாரத்தில் யூரோலீக் அல்லது யூரோகப் என்ற ஐரோப்பியக் கிளப் போட்டிகளில் ஆடும் அணிகள் ஞாயிறன்று களைத்த கால்களோடு வரும். சலமான்காவிலிருந்து ஜிரோனாவுக்குச் சாலை வழியே ஏறக்குறைய 900 கிலோமீட்டர். கிரான் கனாரியா தீவுக்கு விமானம்தான். லா செயு தூர்ஜெல்லுக்கு ரயிலே கிடையாது. ஐரோப்பியப் போட்டியில் இல்லாத அணி ஒன்று புதன்கிழமை ஆடிவிட்டு வந்த பெரிய அணியை வீழ்த்தினால் அது உண்மையான வெற்றிதான், 2 புள்ளியும் நியாயமானவைதான். ஆனால் பிளே-ஆஃபில் அதே சூழல் திரும்பாது. ஒவ்வொரு முடிவின் பக்கத்திலும் ‘புதன் ஆட்டம் உண்டா, யார் வரவில்லை’ என்று இரண்டு சொல் எழுதி வைத்தால், டிசம்பருக்குள் அட்டவணையைவிட நல்ல படம் உங்கள் கையில் இருக்கும்.

வீராங்கனைகளை ஒப்பிட ஸ்பெயினில் எல்லோரும் முதலில் பார்ப்பது ‘வலோராசியோன்’ என்ற ஒற்றை எண். அதைப் பிரித்துக் காட்டுகிறேன். ஒருவர் இரண்டு பாயிண்ட் ஷாட் 8-இல் 4, மூன்று பாயிண்ட் 4-இல் 1, ஃப்ரீ த்ரோ 4-இல் 3 போட்டால் 14 பாயிண்ட். ரீபவுண்ட் (தவறிய ஷாட்டுக்குப் பின் கைப்பற்றிய பந்து) 7, அசிஸ்ட் (கூடைக்கு வழிவகுத்த பாஸ்) 4, பறித்த பந்து 2, பிளாக் (கையால் தடுத்த எதிரணி ஷாட்) 1, எதிரணி அவர் மேல் செய்த ஃபவுல் 5. கூட்டினால் 33. கழிக்க வேண்டியவை: தவறிய ஷாட் 7, தவறிய ஃப்ரீ த்ரோ 1, இழந்த பந்து 3, பிளாக் ஆன ஷாட் 1, அவர் செய்த ஃபவுல் 3, ஆக 15. மிச்சம் 18, அதுதான் அவருடைய வலோராசியோன். இதன் குறைகளும் இந்தக் கணக்கிலேயே தெரிகின்றன. பிளாக் ஆன ஷாட் தவறிய ஷாட்டாக ஒரு முறை, பிளாக்காக இன்னொரு முறை என்று இரட்டைத் தண்டனை பெறுகிறது. ரீபவுண்ட் எடுப்பவருக்கும் ஃபவுல் வாங்குபவருக்கும் எண் தாராளமாக ஏறும். எதிரணியின் சிறந்த ஷூட்டரை 30 நிமிடம் பந்தே தொடவிடாமல் துரத்தியவருக்கு ஒன்றும் ஏறாது. வலென்சியாவுக்காக ஆடிய கெரால்ட் கசாஸ் போன்ற தடுப்பாட்டக்காரர்களின் மதிப்பை இந்த எண்ணைக் கொண்டு அளப்பது அநியாயம். வாரத்தின் சிறந்தவர் பட்டியல்கள் இந்த எண்ணை ஒட்டியே போவதால், அவற்றை ஆட்டத்தின் தீர்ப்பாக அல்ல, ஒரு குறிப்பாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். ஆட்டக் குறிப்புத் தாளில் பி.ஆர். என்பது பறித்த பந்து, பி.பி. என்பது இழந்த பந்து. இரண்டையும் மாற்றிப் படித்தால் மோசமாக ஆடியவர் நாயகியாகிவிடுவார்.

நடைமுறையில் ஒன்று செய்யுங்கள். 16-ஆம் சுற்றிலிருந்து ஒவ்வொரு அணியும் அதே எதிரணியை இரண்டாம் முறை சந்திக்கிறது. ஆட்டம் தொடங்கும் முன் முதல் சந்திப்பின் வித்தியாசத்தைத் தேடி ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள்: ‘முதல் ஆட்டம் +7’. பிறகு ஸ்கோர்போர்டு மேல் ஒரு கண், அந்தத் தாள் மேல் ஒரு கண். 39-ஆம் நிமிடத்தில் 6 பாயிண்ட் பின்தங்கிய அணி ஏன் அவசரப்படாமல் பந்தைத் தட்டிக்கொண்டு நிற்கிறது, முன்னிலையில் இருக்கும் பயிற்சியாளர் ஏன் கோட்டோரம் வந்து கத்துகிறார் என்று வர்ணனையாளர் சொல்வதற்கு முன்பே உங்களுக்குத் தெரிந்திருக்கும்.